கதவைத் திறந்தால் குளிர் போய்விடும்

2024ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், பெந்தெகொஸ்தே ஞாயிறு. காலை எட்டு மணி பத்து நிமிடத்திற்கு, தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்த பெண்கள் நால்வர், ஆரம்பாக்கம் தேவாலயத்தின் முன் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கினர். ஆராதனை எட்டு மணிக்கே தொடங்கியிருந்தது. கதவு சாத்தப்பட்டிருந்தது.

நால்வரில் மூத்தவள் விக்டோரியா. முன்பெல்லாம் தாமதமாக வந்தாலும் ஓசைப்படாமல் நுழைந்து கடைசிப் பாயில் அமர்வார்கள். மார்ச் மாதம் சபைக்குக் குளிர்சாதனப் பெட்டிகள் நான்கு வந்தன. அன்றிலிருந்து எட்டு மணிக்குக் கதவடைப்பு. மூன்று மாதமாக அவள் திருவிருந்தில் பங்குபெறவில்லை. இன்று எப்படியும் பெற்றே தீர்வதென்று, கம்பெனியிலேயே சீருடையைக் களைந்து வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தாள்.

கண்ணாடிக் கதவின் மறுபுறம் சபைச் செயலாளர் சின்னதுரை நின்றிருந்தார். மே மாத வெயிலில் கம்பளிச் சட்டையும் கழுத்தில் மப்ளரும். வேதத்தில் ஏதேன் தோட்டத்து வாசலைக் காப்பது கேருபீன்கள் என்னும் தேவதூதர்களின் வேலை. ஆரம்பாக்கத்தில் அவர்களுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு அவரே அதை ஏற்றிருந்தார். கதவை விரற்கடை அளவு திறந்தார்.

"இன்னா விக்டோரியா, மறுபடியும் லேட்டா?"

"பஸ்ஸு வந்தாதானே அண்ணே நான் வர முடியும்? தொறங்க, பின்னால ஓரமா குந்திக்கினு..."

"நாலு பேரு உள்ள வர்றதுக்குள்ள குளிரு மொத்தமும் போயிடும்மா. அப்பால சில்லுனு ஆவறதுக்கு அர மணி நேரம் புடிக்கும். ஜனங்க மனசு ஒருமுகப்பட வேணாமா?"

"உங்களுக்குப் பல்லே கிடுகிடுன்னு ஆடுதே அண்ணே," என்றாள் பின்னால் நின்ற ஷைனி. "ஒருமுகந்தான்!"

கதவு மூடிக்கொண்டது.

நால்வரும் வண்டி நிறுத்தும் கொட்டகையில் அமர்ந்தனர். வேறு நிழல் இல்லை. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிகள் நான்கும் அங்கேதான் பொருத்தப்பட்டிருந்தன. உள்ளே இருந்தவர்களிடமிருந்து உருவிய வெப்பத்தை அவை வெளியே இருந்தவர்களின் முகத்தில் ஊதின. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் வேத வசனத்தைச் சபை இவ்வளவு நேரடியாக நிறைவேற்றும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

"இன்னா பேஜாருக்கா இது! வா, ஊட்டுக்குப் போவலாம்," என்றாள் ஷைனி.

"நீ போ. எனக்குக் குளிரும் வேணாம், பாயும் வேணாம். ரெண்டு நிமிசம் அந்த மேசைகிட்ட முட்டி போடணும். அவ்ளோதான்."

ஷைனி போகவில்லை. பெட்டிகளின் இரைச்சலில் ஜெபத்தின் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எட்டு ஐம்பதுக்கு மின்சாரம் நின்றது. இரைச்சல் அடங்கியது. மூன்று மாதத்தில் முதன்முறையாக ஆயர் ஸ்டீபனின் குரல் விக்டோரியாவின் காதில் தெளிவாக விழுந்தது. திருவிருந்துக்கு வரும்படி அழைத்துக்கொண்டிருந்தார்.

சபை வரத்தான் செய்தது, வெளியே. சன்னல்கள் மார்ச்சிலேயே குளிரைக் காக்க நிரந்தரமாக அடைக்கப்பட்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் உள்ளே மூச்சு முட்டியது. கம்பளிச் சட்டையை உரித்துக்கொண்டு சின்னதுரை முதலில் வந்தார். அவர் பின்னால் எழுபது பேர், ஆராதனைத் தாளால் விசிறிக்கொண்டு, "கரன்ட் எப்ப வரும்?" என்று ஒருவரையொருவர் உருக்கமாக விசாரித்தபடி வந்தனர். அன்றைய காலையில் அவ்வளவு ஊக்கமான விண்ணப்பம் வேறெதுவும் ஏறெடுக்கப்படவில்லை.

அந்தக் கூட்டத்தை எதிர்த்து விக்டோரியா உள்ளே நுழைந்தாள். மற்ற மூவரும் தொடர்ந்தனர். மேசையருகே வியர்வையில் நனைந்த அங்கியோடு ஆயர் மட்டும் நின்றார். ஆண்டவரும் இருந்திருக்க வேண்டும். அவரை யாரும் வெளியே அழைத்துச் சென்றதாகத் தெரியவில்லை.

விக்டோரியா முழந்தாளிட்டாள். நெற்றி வியர்வை நீட்டிய உள்ளங்கையில் சொட்டியது; சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். அப்பம் வந்தது. கிண்ணமும் வந்தது.

அவள் எழுவதற்குள் மின்சாரம் திரும்பியது. சின்னதுரை பாய்ந்து வந்தார்.

"கதவு! கதவ சாத்துங்க, குளிரு போவுது!"

"சாத்துங்க செயலாளரே," என்றார் ஆயர், கிண்ணத்தைக் கீழே வைக்காமல். "என்னயும் வெளிய வெச்சே சாத்துங்க. இனிமே திருவிருந்த நான் வண்டி ஷெட்டுல நடத்திக்கிறேன்."

அன்று மாலை நான்கு மணிக்குச் சபைக் குழு கூடியது. ஆராதனை இனி எட்டரை மணிக்குத் தொடங்கும். முடியும்வரை கதவு திறந்திருக்கும். சன்னல்களின் அடைப்பு நீக்கப்படும். குளிர்சாதனம் ஆராதனை நேரத்தில் இயங்காது. குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இயங்கும். கடைசி வரியைச் சேர்த்தவர் சின்னதுரை. மற்றவை ஒருமனதாக நிறைவேறின. அது கைதட்டலோடு நிறைவேறியது.