அத்தானுக்கு ஒரு வினைச்சொல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா வீட்டுக்காரருக்காக நான் ஆங்கிலத்தில் எழுதிய சில மின்னஞ்சல்களிலிருந்து வந்தது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கும்போது வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவருடைய மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை உடல்நிலையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொன்னார். எங்கள் வீட்டில் கதை எழுதுகிறவள் நான் ஒருத்திதான். வேலை என் தலையில் விழுந்தது.

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘அத்தான் விழுந்த அன்று வானம் இருண்டு’

இல்லை. அன்று நல்ல வெயில். அக்கா மாடியில் போர்வை காயப்போட்டிருந்தாள்.

2

தமிழில் எனக்குச் சிக்கலே இருந்திருக்காது. யார் கேட்டாலும் ‘இப்போ தேவலை’ என்று சொல்லிவிடலாம். யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காத தங்கமான சொல். ஆங்கிலத்தில் அப்படி நழுவ முடியவில்லை.

முதல் மின்னஞ்சலில் ‘புல்ட் த்ரூ’ என்று எழுதினேன். அகராதியில் பார்க்க அழகாக இருந்தது. எமன் வாசல்வரை போய்த் திரும்பியவர்களுக்கு உரியது அது என்பது, மறுநாள் மேனேஜரும் ஆறு பேரும் பூங்கொத்தோடு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அத்தான் மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டி, அக்காவோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஜெயித்துக்கொண்டும் இருந்தார்.

அடுத்த வாரம் ‘பேக் ஆன் ஹிஸ் ஃபீட்’, அதாவது மறுபடி தன் காலில் நிற்கிறார். மனிதர் உற்சாகமாக இருக்கிறார் என்று சொல்ல நினைத்தேன். திங்கட்கிழமை முதல் அவருக்கு டியூட்டி போட்டுப் பட்டியல் வந்துவிட்டது. (காலோடு தொடர்பில்லாத துன்பங்களுக்கும் இந்தத் தொடர் பொருந்தும். காலில் கட்டுப் போட்டவருக்கு மட்டும் வேண்டாம்.)

‘பவுன்ஸ் பேக்’ போடலாமா என்று கேட்டேன். அவர் என்ன பந்தா என்று அக்கா அதைத் தள்ளிவிட்டாள்.

கடைசியில் ‘ரிக்கூப்பரேட்’ கிடைத்தது. ‘ரெக்கவர்’ ஊர் போய்ச் சேருவது என்றால், இது வழியில் ஒரு மரத்தடியில் படுத்திருப்பது. மேனேஜர் அந்தச் சொல்லுக்கு மரியாதை கொடுத்தார். நிதானமாக வரட்டும் என்று பதில் எழுதினார்.

3

கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். நான் ‘ரெக்கவர்ட்’ என்று தட்டினேன். கடைசி ஒற்றெழுத்து வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. அத்தான் எட்டிப் பார்த்து, இந்த வாரமும் பழைய சொல்லையே போடச் சொன்னார். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரம், அவரைக் கண்டிப்பாக அனுப்புங்கள், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்க வேண்டிவரும் என்று மேனேஜர் எழுதினார்.

இங்கேதான் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. சோம்பேறி அத்தான் என்றால் சிரிப்புக் கதைக்குச் சௌகரியம். அரைப் பக்கம் எழுதியும் விட்டேன். [‘சோபாவுக்கும் அத்தானுக்கும் ஏற்பட்ட காதல்’] பிறகு ஒரு மதியம் படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். எங்கள் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் வேலை செய்கிறது. புதிதாக ஒட்டிய காலோடு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக அவர் ஏறிக்கொண்டிருந்தார். அரைப் பக்கத்தைக் கிழித்தேன்.

4

அடுத்த படியிலேயே உட்கார்ந்துகொண்டோம்.

“கால் சரியாப் போச்சுல்ல அத்தான்?”

“கால் வந்துடுச்சு. மத்ததுதான் இன்னும் வரல.”

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, இலக்கணம்தான் தெரியும். அதையே சொன்னேன். ‘ரெக்கவரிங்’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம், எதிலிருந்து என்று யாரும் கேட்கமாட்டார்கள். ‘கெட் ஓவர்’ அப்படியில்லை. எதைத் தாண்டுகிறோம் என்று கூடவே சொல்ல வேண்டும்.

“சொல்லித்தான் ஆகணுமா?”

“சொன்னாத்தான் வாக்கியம் முடியும்.”

அவர் காலை நீட்டிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார். விழுந்தது பெரிதில்லையாம். விழுந்து கிடந்தபோது, மேலே யாரோ விவரம் தெரியாமல் பொத்தானை அழுத்திவிட்டார்கள். நிறுத்தும் சுவிட்ச் கைக்கு எட்டவில்லை. மல்லாந்து கிடந்தவரின் முகத்துக்கு ஒரு முழம் மேலே வந்து கூண்டு நின்றது. அடியில் எந்தெந்த போல்ட்டில் துரு என்று அவரால் இப்போதும் சொல்ல முடியும். அக்காவிடம் சொல்லவே இல்லை.

“அதை எழுது,” என்றார். “அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

எழுதினேன். மேனேஜரின் பதில் ஒரே வரி. குழியில் இறங்க வேண்டாம், திங்கட்கிழமை வரட்டும், முதல் பயணத்தில் நானும் கூட ஏறுகிறேன்.

5

[யாரோ லிஃப்டில் மாட்டிக்கொள்ள, அத்தான் ஓடிப்போய்க் காப்பாற்றுவதாக ஒரு முடிவு எழுதினேன். நன்றாகவே வந்தது. ஆனால் நடக்கவில்லை.]

நடந்தது இது. திங்கட்கிழமை காலை அத்தான் எங்கள் மாடி லிஃப்டின் முன்னால் நின்றார். எல்லாம் தெரிந்துகொண்ட அக்கா, கையில் கரண்டியோடு அவருக்கு முன்னால் உள்ளே போய் நின்றாள்.

“வாங்க. அடுப்புல வெச்சிருக்கேன்.”

அத்தான் ஏறினார். நான் படி வழியாக ஓடி, மூச்சிரைக்க அவர்களுக்குப் பிறகுதான் கீழே போய்ச் சேர்ந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார். அன்று வேலையிடத்தில் மேனேஜரோடு இரண்டு மாடி போனாராம். இறங்கி டீ குடித்துவிட்டு ஐந்து மாடி போனாராம். சாயங்காலம் வீட்டுக்கு மட்டும் படியேறி வந்தார்.

இப்போது மேனேஜர் ஆவணத்துக்காகக் கடைசியாக ஒரு வரி கேட்கிறார். ‘ஹீ ஹேஸ்’ என்பதுவரை தட்டிவிட்டேன். காலத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நடந்துவிட்டதும், இன்னும் நடந்துகொண்டிருப்பதும் சேர்ந்த காலம் அது. அதற்குப் பிறகு வரவேண்டிய வினைச்சொல்தான் அகப்படவில்லை. அத்தானைக் கேட்டால், வேலைக்குப் போயிருக்கார்னு போடு, போதும் என்கிறார்.

அவர் சொல்வதையே போடலாமா, வேறு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? இடம் விட்டிருக்கிறேன்.

ஹீ ஹேஸ் ...................