வண்டி இறக்குகிறவள்

ஓலீட்டாவுக்கு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கியே முழங்கால் இரண்டும் போய்விட்டன. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னும் காலணியைக்கூடக் கழற்றவில்லை, புருஷன் டாயிலும் அவன் தம்பி ராய்ஸும் சமையலறை மேசையில் டாலிவர் ஆற்றின் வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மே மாதம் பிறந்தால் போதும், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஆற்றுப் பைத்தியம் பிடித்துவிடும்.

"வா வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்," என்றான் டாயில். "சனிக்கிழமை நாம மேல்துறையில இறங்குறோம். ஊத்துக்கிட்ட மத்தியானச் சாப்பாடு. இருட்டுறதுக்குள்ள கீழ்த்துறை. எப்படி?"

"மழையே இல்லையே. தண்ணி இருக்கா?"

"ஊத்துத் தண்ணிக்கு மழை எதுக்கு அண்ணி?" என்றான் ராய்ஸ். "அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். யாரும் ஒண்ணும் கேக்க வேண்டாம். உங்கள மாதிரி."

சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். ஓலீட்டா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

திட்டம் போடுகிறார்களாம், திட்டம்! வாயால் போடுவது அவர்கள். ரொட்டிக்குள் இறைச்சி வைத்துச் சுற்றிக் கட்டுவது, ஐஸ் பெட்டியை நிரப்புவது, படகை வண்டிமேல் கட்டும் பட்டைகளைத் தேடி எடுப்பது எல்லாம் இவள். அதுகூடப் பரவாயில்லை. ஆறு ஒரு பக்கமாகத்தானே ஓடுகிறது? மேல்துறையில் படகை இறக்கிப் புறப்பட்டால் கீழ்த்துறையில்தான் ஏற முடியும். வண்டியோ மேல்துறையில் நிற்கும். அதை மலையைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து கீழே நிறுத்த ஒரு ஆள் வேண்டும். வண்டி இறக்குவது என்பார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த ஆள் ஓலீட்டாதான். மேசையருகே உட்கார்ந்து பேசும்போது 'நாம' என்பார்கள். படகில் ஏறியதும் அது 'நாங்க' ஆகிவிடும். "நாங்க வந்துடுறோம், நீ கீழ போய் இரு." கையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டால் ஆற்றுக்குப் போகும் குடும்பம் என்று பெயர்!

"வண்டிய யாரு இறக்குறது?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இது என்ன கேள்வி? நீதான்."

"இந்த வருஷம் நான் இறக்கல. படகுல வர்றேன்."

"அந்த முழங்கால வச்சுக்கிட்டா?"

"படகுல உக்காரத்தானே போறேன், கூத்தா ஆடப் போறேன்?"

"அப்ப வண்டி?" என்றான் ராய்ஸ்.

"ஆளுக்கொரு வண்டி வச்சிருக்கீங்கல்ல? விடியக்காலையில டாயில் வண்டியக் கீழ்த்துறையில விட்டுருவோம். மூணு பேரும் உன் வண்டியில மேல போவோம்."

"அடடா! மீன் கடிக்கிற நேரமே அதுல போயிடுமே அண்ணி!"

"போகட்டும்."

அவள் குரல் உயரவில்லை. உயர்த்துவதற்குத் தெம்பு இருந்தால்தானே! "செப்டம்பர்ல எனக்கு முழங்கால் ஆபரேஷன், டாயில். அதுக்கப்புறம் படகுல ஏற முடியுமோ முடியாதோ. அந்த ஊத்துக்குத் தண்ணி வழியாத்தான் போகணும், வேற பாதையே இல்லங்கறீங்க. நீலம், அப்படி ஒரு நீலம்னு வருஷா வருஷம் வந்து அளக்குறீங்க. அங்க உக்காந்து நீங்க தின்னதெல்லாம் நான் கட்டிக் குடுத்தது. நான் அந்த இடத்தப் பாத்ததே இல்ல."

டாயில் வரைபடத்தின் ஓரத்தை நீவினான். "நீ கேட்டதே இல்லையே?"

"நீ கேட்டியா?"

வருகிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

சனிக்கிழமை முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினார்கள். டாயிலின் வண்டியைக் கீழ்த்துறையில் நிறுத்திப் பூட்டினார்கள். ராய்ஸின் வண்டியில் மேல்துறைக்குப் போனார்கள். படகின் முன்பக்கம் ஓலீட்டா, பின்னால் டாயில். அடுத்த படகில் ஐஸ் பெட்டியோடு ராய்ஸ். முதல் வளைவு தாண்டும்வரை அவள் படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். துடுப்பு போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் போட்டிருக்கமாட்டாள்.

மத்தியானம் பாறைச் சுவருக்கு அடியில் படகு திரும்பியது. முகத்தில் சில்லென்று காற்று அடித்தது. ஊற்று! நீலம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு தண்ணீரும் துளிச் சத்தமில்லாமல் அடியிலிருந்து மேலே வருகிறது என்பதை இத்தனை வருஷத்தில் ஒருவனும் அவளிடம் சொன்னதில்லை. இவள் இரைச்சலாக இருக்கும் என்றே நினைத்திருந்தாள். கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். குளிர் எலும்பில் ஏறியது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். ராய்ஸ் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

கீழ்த்துறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. படகுகளைக் கரையேற்றிவிட்டு டாயில் அவள் பக்கம் கையை நீட்டினான்.

"சாவி?"

"எந்தச் சாவி?"

"என் வண்டிச் சாவிதான். ராய்ஸ் வண்டியில முன் கண்ணாடிக்கு அடியில வச்சேனே, நீ எப்பவும் எடுத்துக்குவியே..." பாதியில் நிறுத்தினான். அவன் முகம் தொங்கிப்போனது.

"நான் படகுலதானே வந்தேன்," என்றாள் ஓலீட்டா.

ராய்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். அவன் வண்டிச் சாவி அவன் பையிலேயே இருந்தது. மீன் பிடித்துவிட்டுக் கிளம்பிய ஒருவர் அவனை ஏற்றிக்கொண்டு மேல்துறைக்குப் போனார். மலைப்பாதை. போய்த் திரும்ப நேரமாகும்.

டாயில் நின்றான், நடந்தான், கொசு அடித்தான். போனை உயர்த்திப் பார்த்தான், சிக்னல் இல்லை. "உக்கார ஒரு பெஞ்சுகூட இல்லையே இங்க!"

"என்னைக்குமே இல்ல."

கடைசியில் அவனும் கூழாங்கல்லில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருட்ட ஆரம்பித்ததும் மெல்லக் கேட்டான்.

"ஒவ்வொரு வருஷமும் இவ்வளவு நேரமா காத்திருப்ப?"

"இதவிட அதிகம்."

"அவ்வளவு நேரமும் என்னதான் பண்ணுவ?"

ஓலீட்டா இரண்டு முழங்காலையும் நீட்டித் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"அந்த வளைவப் பாத்துக்கிட்டே இருப்பேன்," என்றாள். "ரெண்டு படகும் வருதான்னு."