சலாம் ஈ

கண்ணாடிக் குழாய்க்குள் அகப்பட்டிருந்த பூச்சியைப் பார்த்ததுமே புதிதாகச் சேர்ந்த டிலானி, "குளவி அக்கா, உணர்கொம்பு ஆடுது" என்றாள். இலங்கையின் கலவானக் காட்டோரம் பூச்சிகளைக் கணக்கெடுக்க வந்த இடத்தில் யாராவது இப்படி அவசரப்பட்டால் பிரேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கண்ணத் தொறந்து பாரு. றெக்க ரெண்டுதானே? குளவின்னா நாலு இருக்கணும்."

லென்ஸில், சிறகுக்குப் பின்னால், இரண்டாம் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில், ஊசித்தலை போல இரண்டு குமிழ்கள் தெரிந்தன. அப்படியானால் ஈதான். உணர்கொம்பு மிகக் குட்டை; ஆடியவை நுனி வெளுத்த முன்னங்கால்கள். மற்ற நான்கு கால்களும் கம்பிபோல் நீண்டிருந்தன. 'நெட்டைக்கால் ஈக் குடும்பம்' என்று பிரேமலதா எழுதினாள்.

எழுதும்போதே சிரிப்பு வந்தது. மேலே மலையில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பிள்ளைகள் அதைச் சலாம் ஈ என்பார்கள். தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப்பைக் கண்ட ஆட்களைப்போல அது முன்னங்காலைத் தூக்கும். வாழையிலையில் அதைக் கண்டால் அவளும் தம்பியும் விறைப்பாக நின்று பதில் சலாம் வைப்பார்கள். முதலில் சிரிப்பவர் தோற்றவர். அப்பா வேலைவிட்டு வரும்வரை அந்த விளையாட்டு ஓடும்.

மாலையில் அவர்களுடைய ஜீப் அந்த லயத்துக்கே ஏறியது. திருப்பத்தில் ஒரு கிழவர் ஓரமாக ஒதுங்கி, தோள்துண்டை இறக்கிவிட்டு, நெற்றிக்குக் கையை உயர்த்தினார்.

பிரேமலதா குதித்து இறங்கினாள். "அப்பா! நான்தாம்ப்பா!"

"அட, நீயா ஆயி! ஜீப்பப் பாத்தோன்ன கை தானா போயிருச்சு" என்று மூக்கையா வாய்விட்டுச் சிரித்தார்.

கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது.