யாரோ கட்டிய பேக்கேஜ்

படுக்கையறையில் இருந்தவர்கள்: மேலே புதுச் சட்டையும் கீழே பழைய பைஜாமாவுமாக அக்கா, கையில் தேநீருடன் அவள் கணவரான என் மாமா, இரவுப் பணி முடிந்து குளிக்காமல் வந்த நான், கட்டில்மேல் அக்காவின் கிழட்டு மடிக்கணினி.

அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். ஒவ்வொரு மென்பொருளின் மூல நிரலையும் இறக்கி, அந்தக் கணினியிலேயே மணிக்கணக்கில் கம்பைல் செய்து, ஓடும் வடிவத்தில் கட்டிக்கொள்ளும் வகை. கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு முழுதாக முடிக்க ஏதாவது ஒன்று வேண்டும்.

நெடுநாள் வேலையில்லாமல் இருந்த அக்காவுக்கு அன்று காலை வீடியோ நேர்காணல். அவளுடைய பழைய பிரவுசரில் அழைப்பு திறக்கவில்லை. புதியதை அவள் கணினியில் கட்டினால் மறுநாள் ஆகிவிடும். அதனால் என் கணினியில் கட்டி, பென் டிரைவில் கொண்டுவந்திருந்தேன்.

போட்டேன். திறந்தேன். திறந்த வேகத்தில் செத்தது. மறுபடியும் அதேதான்.

"என்னடா ஆச்சு?"

காரணம் உடனே புரிந்தது. 'இந்தக் கணினிக்கு ஏற்றபடி' என்ற அமைப்போடு கட்டியிருந்தேன். கட்டிய கணினி என்னுடையது, புதியது. அதன் சிப்புக்குத் தெரிந்த கட்டளைகள் இந்தக் கிழத்துக்குத் தெரியாது. சொன்னேன்.

"உன் அளவுக்குச் சட்டை தச்சு அவளுக்கு மாட்டி விட்டுருக்கே," என்றார் மாமா.

"சும்மா இருங்க மாமா."

"எல்லாரும் சட்டையக் கடையில வாங்குறாங்க. நீ பருத்தி விதைக்கிறே. ரெடிமேட் கெடையாதாடா உங்க ஆளுங்ககிட்ட?"

கிடைக்கும். அதுதான் எரிச்சல். கொஞ்ச காலமாக அந்த லினக்ஸ்காரர்களே கட்டி முடித்த பேக்கேஜ்களையும் தருகிறார்கள். அடுத்தவன் கட்டியதை எடுப்பவன் வேறு லினக்ஸுக்கே போகட்டும் என்று அவர்களுடைய இணைய மன்றத்தில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

"டேய், அரை மணி நேரம்தான் இருக்கு," என்றாள் அக்கா. "உன் கொள்கையெல்லாம் அப்புறம். இந்த வேலை போச்சுன்னா நாள் பூரா இவர் மூஞ்சியத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கணும்."

"நல்ல மூஞ்சிதானே?" என்றார் மாமா.

அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன். அவர்கள் கட்டிய பிரவுசர் இறங்கியது. கணினியின் விசிறிகூடச் சத்தம் போடவில்லை. பிரவுசர் திறந்தது, அழைப்புப் பக்கமும் திறந்தது.

பேக்கேஜின் விவரத்தைப் பார்த்தேன். பழைய சிப்புகளிலும் ஓடட்டும் என்று, எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளைகளை மட்டும் வைத்துக் கட்டியிருந்தார்கள். இவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான். இவள் கணினி ஞாபகம் வந்தது முகம் தெரியாத எவனுக்கோ.

"ஓடுது," என்றேன்.

கேமராவில் தன்னைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்ட அக்கா, என் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். "மத்ததையும் இதே மாதிரி ரெடிமேடா போட்டுக் குடுத்துரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். இப்ப போய்க் குளி, கேமராலயே நாத்தம் அடிக்குது."

மாமா தேநீரை வேண்டுமென்றே சத்தமாக உறிஞ்சினார். "நான் ஓரமா உக்காந்து பாக்கட்டுமா?"

"ரெண்டு பேரும் வெளிய."

மாமாவின் கோப்பையில் மிச்சமிருந்ததை நான் வாங்கிக் குடித்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.