எண்ணூறு மீட்டர் ஏற்றம்

ஏப்ரல் மாதம் பண்டெலிஸின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்பு விரிசல் விட்டது. விரிசல் தலைமுடி கனம்தான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது அவன் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தான். அவனைப்போலக் கொரிந்து நகரத்துப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், வண்டியை விட்டு இறங்கிய பிறகும் வாரத்துக்கு நூற்றிருபது கிலோமீட்டர் ஓடினால் எலும்பு வேறென்ன செய்யும் என்று டாக்டர் கேட்டார். அதற்கும் தலையாட்டினான்.

செப்டம்பர் கடைசியில் அவன் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவரை ஓட வேண்டும். இருநூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர், முப்பத்தாறு மணி நேரத்துக்குள். நான்கு வருடம் நுழைவுக் குலுக்கலில் விழாத பெயர் ஐந்தாம் வருடம் விழுந்திருந்தது. இதை விட்டால் தகுதி ஓட்டத்தைப் புதிதாக ஓடியாக வேண்டும். முன்பு அவன் அதில் தேறியதே பதினொரு நிமிட இடைவெளியில்தான், அந்தப் பதினொன்றிலும் பாதி முதுகுப் பக்கம் அடித்த காற்றின் உபயம். இப்போது வயது நாற்பத்தொன்பது. இந்த வருடம் இல்லையென்றால் எந்த வருடமும் இல்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறு வாரம் ஊன்றுகோல். சோபாவில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதுதான் பயிற்சி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மனைவி மிர்சினி மாதா படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கின் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பண்டெலிஸ் கோயிலுக்குப் போவது ஈஸ்டருக்கும் அடுத்தவர் கல்யாணத்துக்கும்தான். எரிச்சலில் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஆகஸ்டுக்குள்ள இந்தக் கால் சரியாச்சுன்னா, தீனோஸ் தீவுத் துறைமுகத்துலேர்ந்து மாதா கோயில் வரைக்கும் முட்டி போட்டே வர்றேன்னு சொல்லு அவங்ககிட்ட.”

மிர்சினி சிரிக்கவில்லை. திரியைக் கீழே வைத்துவிட்டு மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சொல்லியாச்சு” என்றாள்.

கால் சரியானது. ஜூலை மத்தியில் அறுபது கிலோமீட்டர் ஓடினான். எங்கும் ஒரு சுருக்கென்ற வலிகூட இல்லை. வீட்டுக்கு வந்து உப்புப் பூத்த சட்டையோடு சமையலறையில் நின்று, ஒரு முழுத் தர்பூசணியில் பாதியைத் தின்றான். அவன் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான சாப்பாடு அதுதான் என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டான். மிர்சினி அவன் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

அவன் பல வழியில் நழுவப் பார்த்தான். வேடிக்கையாகச் சொன்னது என்றான். ஓட்டம் முடிந்ததும் அக்டோபரில் போகலாம் என்றான். மாதாவுக்கு எல்லா மாதமும் ஒன்றுதானே என்றுகூட இறையியல் பேசிப் பார்த்தான். அவள் சண்டை போடவில்லை.

“சரி, நீ வர வேணாம். நான் போய்ட்டு வர்றேன்.”

“எப்படி?”

“முட்டி போட்டுத்தான். கடனை யாராவது அடைச்சாகணும்ல.”

மிர்சினிக்கு இதயத்தில் வால்வு மாற்றி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் பூந்தொட்டியைப் பார்ப்பதுபோல நின்று மூச்சு வாங்குகிறவள். அதோடு பேச்சு முடிந்தது.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, மாதா திருநாளுக்கு முந்தின நாள், காலையிலேயே தீனோஸில் வெயில் கொளுத்தியது. துறைமுகத்திலிருந்து கோயில்வரை ஏறும் சாலையின் ஓரத்தில், முட்டி போட்டு வருகிறவர்களுக்காகக் கம்பளம் விரித்திருந்தது. எண்ணூறு மீட்டர் ஏற்றம். ஆயிரக்கணக்கான முழங்கால்கள் போய் அந்தக் கம்பளம் தேய்ந்து சாக்குமாதிரி சொரசொரத்தது. கடைகளில் ஆளுயர மெழுகுவத்திக்குப் பக்கத்தில் முழங்கால் உறைகள் தொங்கின. மிர்சினி ஒரு ஜோடி வாங்கி நீட்டினாள். ஸ்பார்ட்டாவுக்கு ஓடப் போகிறவனுக்கு இந்தத் தூரத்துக்கு மெத்தையா என்று அவன் மறுத்தான். மெதுவாக வா என்று சொல்லிவிட்டு, மெழுகுவத்தி வரிசையில் இடம் பிடிக்க அவள் முன்னால் போனாள்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தான். இருநூறு மீட்டர்வரை நல்ல பிள்ளை. அதற்குமேல் முன்னால் கறுப்பு உடையில் ஒரு கிழவி தவழ்ந்து போவது கண்ணில் பட்டது. இருபது வருடப் பழக்கம். முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் அதைத் தாண்டாமல் அவனால் இருக்க முடியாது. தாண்டினான். கை தானாக மணிக்கட்டுக்குப் போய்க் நேரம் குறிக்கக் கடிகாரத்தை அமுக்கியது.

“எங்க ராசா இவ்ளோ அவசரம்?” என்றாள் கிழவி பின்னாலிருந்து. “மாதா எங்கயும் ஓடிப் போக மாட்டா.”

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த முதுகைத் தேடினான். இரண்டு கன்னியாஸ்திரீகள், ஒரு கடற்படைச் சிப்பாய், தொப்பை பெருத்த ஒருவர். அதற்கு மேலே ஒரு மனிதன் ஏழெட்டு வயது மகளை முதுகில் சுமந்துகொண்டு போனான். சிறுமியின் தலை அவன் தோளில் துவண்டு கிடந்தது. பண்டெலிஸ் அவனையும் தாண்டினான். கடைசி சலவைக்கல் படிகளில் முழங்கால் எரிச்சல் நெருப்பாக இருந்தது, அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. கடிகாரத்தில் முப்பத்தெட்டு நிமிடம். நகைகளுக்குள் மூழ்கிக் கிடந்த மாதா படத்தின் கண்ணாடியில் உதட்டை வைத்தபோதும் அவன் மனதில் ஓடியது அந்த எண்தான்.

மூன்றாம் நாள் இடது முழங்கால் மாதுளம்பழம்போல வீங்கியது. நான்காம் நாள் காய்ச்சல். தோல் உரிந்த இடம் வழியாக விஷக்கிருமி உள்ளே போய், முட்டிச் சில்லுக்கு முன்னாலிருக்கும் நீர்ப்பை சீழ் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். இரண்டு மாதம் ஓட்டம் என்ற பேச்சே கூடாது என்றார்கள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டான். ஸ்பார்ட்டா ஓட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. மறுபடி போட்டாலும் ஆறுதான்.

ஏப்ரலிலிருந்து அவன் காலைத் தடவித் தடவித் தேற்றிய இயன்முறை மருத்துவர் கிளியோ, கட்டுப்போட்ட முழங்காலை வெகுநேரம் பார்த்தாள்.

“உறை போட்டியா?”

“இல்ல.”

“ஏன்?”

“வேகம் குறையும்.”

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரிப்பு வந்திருக்கும். கிளியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, பனிக்கட்டிப் பையை எடுக்கப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று.

விலகல் கடிதத்தை அவன் இரண்டு வரியில் எழுதி அனுப்பினான். காரணம் என்ற கட்டத்தில் ‘காயம்’ என்று மட்டும் போட்டான்.

வீட்டில் மிர்சினி அவனுக்குச் சாப்பாடு எடுத்துவந்து வைப்பாள், மாத்திரை தருவாள், பேசமாட்டாள். மூன்று வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றவில்லை. முழங்கால் வலியைவிட அந்த அணைந்த விளக்கு அவனைத் தின்றது.

“நான்தான உன்னை இழுத்துட்டுப் போனேன்” என்றாள் ஒருநாள், தட்டை எடுத்துக்கொண்டே. “திரும்பக் கெடச்ச காலை நானே கெடுத்துட்டேன்.”

கடிகாரத்தைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சொன்னான். கிழவியைத் தாண்டியது, கன்னியாஸ்திரீகளை, சிப்பாயை. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

“ஒருத்தன் பொண்ண முதுகுல தூக்கிட்டு வந்தான், மிர்சினி. அதுக்கு ஒடம்பு சரியில்லபோல. அவனையும் முந்தினேன்.”

அவள் தட்டோடு நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அந்தப் புள்ள பேரு என்ன?”

“கேக்கல.”

மிர்சினி தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய், விளக்கில் எண்ணெய் ஊற்றினாள். பெயர் தெரியாத பிள்ளைக்காக எப்படி வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தனக்காக வேண்டச்சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் வேலைக்குத் திரும்பினான். தானியங்கி கியர் வண்டி; இடது காலுக்கு வேலை கிடையாது, ஓரமாக நீட்டி வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மதியம் ஊருக்கு வெளியே சந்திப்பில் போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். குறுக்குச் சாலையில் ஓட்டக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். விடியற்காலை ஏதென்ஸில் ஸ்பார்ட்டாவுக்குக் கிளம்பியவர்கள். வண்டியில் முப்பது பேர், குளிர்சாதனம் பாதிதான் வேலை செய்தது.

“இந்த வெயில்ல இவனுங்களை யாரு ஓடச் சொன்னா?” என்றார் பின்னால் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தவர். “எவ்ளோ நேரம்யா?”

“கடைசி ஆளு வர ரெண்டு மணி நேரம் ஆகும்” என்றான் பண்டெலிஸ். “நடுவுல விடுவாங்க. உக்காருங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

ஐம்பது தாண்டிய ஒருவன், தொடையில் உப்புக் கோடு படிந்து, வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடிக்கு முன்னால் கடந்தான். பெரிய வேகமெல்லாம் இல்லை. நல்ல நாளில் பண்டெலிஸ் அவனைத் தாண்டியிருப்பான்.

போலீஸ்காரர் போகச் சொல்லிக் கையசைத்தார். பண்டெலிஸ் கவனிக்கவில்லை. காய்கறிப் பைக்காரர் இருக்கையைத் தட்டினார். அவர் இரண்டாம் முறை தட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது.