பத்து மணிப் பள்ளிக்கூடம்

அங்கீகாரம் கேட்டு ஆரோக்கியம்மாள் ஐந்து வருஷத்தில் ஒன்பது மனு போட்டிருந்தாள். ஒன்பதுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கொட்டாவி வரும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

திருமயத்துக்குத் தெற்கே, ஆடு வளர்க்கிற நாற்பது வீட்டுக்காக அவள் நடத்திய பள்ளிக்கூடம் அது. ட்ரெயினிங் முடித்த டீச்சர்தான் அவள். ஆனால் பள்ளிக்கூடம் சர்க்கார் கணக்கில் இல்லை. ஈரப்புல்லை மேய்ந்தால் ஆட்டுக்கு ஆகாது. அதனால் காலை ஒன்பது மணிக்கு முன்னால் யாரும் பட்டியைத் திறப்பதில்லை. ஆறிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகள் சும்மா இருக்கிற அந்த நேரத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். படித்து என்ன? அந்தப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பு, ஹைஸ்கூல் வாசலில் செல்லாக்காசு. ஆட்டுக்காரர் பெரியண்ணனின் மூத்த மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து அவன் தங்கை ராக்காயி. அவளையாவது அந்த வாசலைத் தாண்டவைத்துவிட வேண்டும் என்று ஆரோக்கியம்மாள் பிடிவாதமாக இருந்தாள்.

பத்தாவது மனுவுக்கு, 1957 தை மாதம், இன்ஸ்பெக்டர் சோலையப்பன் முதல் பஸ்ஸில் நேரிலேயே வந்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நல்லா வாசிக்கிறாங்கம்மா. இப்பவே எழுதிர்றேன்" என்று பேனாவைத் திறந்தார். மணி ஒன்பதானது. பிள்ளைகள் எழுந்து ஆளுக்கொரு கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"எங்க போறாங்க?"

"ஆடு மேய்க்கங்க ஐயா."

அவர் பேனாவை மூடினார். கெட்ட மனுஷர் இல்லை. திரும்பிப் போக சாயங்காலம் வரை பஸ் இல்லாததால் எட்டு மைல் வெயிலில் நடக்க வேண்டியவர். "பத்துலேர்ந்து நாலு வரைக்குந்தாம்மா ஸ்கூலு. ரூல் அப்படி. நேரத்த மாத்திக்கிறேன்னு எழுதிக் குடுங்க, ஆர்டர் வந்துரும்."

"பிள்ளைக வர முடியாதுங்களே."

"ஆர்டர் வந்தா வருவாங்கம்மா."

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. முதலில் காகிதம் வரட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஜூனில் ஆர்டர் வந்தது. பத்து மணிக்கு மணியடித்தாள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பதின்மூன்று பேர் புதிதாக வந்தார்கள். ஆட்டுக்காரப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் வழக்கம்போல் ஆறு மணிக்கே வந்து, ஒன்பதுக்குப் போய்விட்டார்கள்.

பெரியண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். "இந்த ஒரு வருசம் மட்டும் ராக்காயிய பத்து மணிக்கு அனுப்புங்கண்ணே."

"அறுவது ஆட்ட யாருகிட்ட விடுறது டீச்சரம்மா? மூத்தவன் இருந்தா பாத்துக்குவான். அவனத்தான் ஸ்கூல்ல சேத்துக்கிறலையே, வேல தேடி அறந்தாங்கிக்குப் போயிட்டானே."

வீடு திரும்பும்போதே ஆரோக்கியம்மாள் இரண்டு வேளையும் தானே நடத்துவது என்று முடிவு செய்தாள். ஆறிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து நாலு. கால் வீங்கியது, தொண்டை கட்டியது. ரிஜிஸ்டரில் பத்து மணி வருகையைத்தான் குறிக்கலாம். பத்தொன்பது பேருக்கும் தினமும் 'வரவில்லை' என்றே போட்டுவந்தாள்.

செப்டம்பரில் ஆபீஸிலிருந்து ஒரு மெமோ வந்தது. தொடர்ந்து வராதவர்களின் பெயரை உடனே நீக்க வேண்டும். தவறினால் அங்கீகாரம் ரத்து. ரத்தானால் புதிதாக வந்த பதின்மூன்று பேருக்கும் ஹைஸ்கூல் வாசல் இல்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில், பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சிவப்பு மையைத் தொட்டு ஒவ்வொரு பெயராக அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதினாள். அடிக்கிற கையின் மேல் அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

கணக்கைக் காட்ட வந்த ராக்காயி ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் படாமல் மறைக்க ஆரோக்கியம்மாளுக்கு நேரமில்லை.

"ராக்காயி. தொடர்ந்து வராததால் நீக்கம்" என்று ராக்காயி தடங்கல் இல்லாமல் வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "நான் தெனமும் வந்தேனே டீச்சர்?"

"வந்தே தாயி. ஒரு நா கூட நிக்கல."

ஆரோக்கியம்மாளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது.

"அப்ப அத எழுதுங்க டீச்சர்" என்றாள் ராக்காயி.

ஆறு மணிக்கு வந்த பிள்ளையை எழுத அந்த ரிஜிஸ்டரில் இடம் இல்லை.