தினமும் எழுபத்திரண்டு

குலாம் ரசூலுக்குக் கஃபன் துணி சுற்றியாகிவிட்டது. பெண்கள் கடைசியாக முகம் பார்த்து நகர, அவர் மனைவி ரஹமத்துன்னிசா, மகன் முபினின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் அவரைத் தூக்கிப்போகச் சந்தூக்குப் பெட்டியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். இப்போது விட்டால் அப்புறம் சொல்ல வாய் வராது.

ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மனுஷன், ரம்ஜான் கழிந்ததும் அசதி, மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்டார். தினமும் நாடி பார்த்து எழுதிவரச் சொன்னாள் ஆஸ்பத்திரி நர்ஸ். இவளும் விடிகாலையில் ஃபஜர் தொழுதுவிட்டு, ஒரு கையில் அவர் மணிக்கட்டும் மறுகையில் தஸ்பீஹ் மணிமாலையுமாக, ஒரு நிமிஷம் துடிப்புக்கு ஒரு மணி தள்ளினாள். முதல் நாள் எழுபத்திரண்டு. அப்புறம் ஒருநாள் அறுபது, ஒருநாள் நூற்றுப் பத்து. நிற்கும், திடீரென்று ஓடும். பாழாய்ப்போன விரல்தான் மணியைத் தவறவிடுகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, நோட்டில் தினமும் எழுபத்திரண்டு என்றே எழுதிவிட்டாள். நர்ஸும் அதைப் பார்த்துத் திருப்தியாக அனுப்பிவிட்டாள்.

நேற்று இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிட்டது. துடிப்பு ரொம்ப நாளாகவே தாறுமாறு என்றார் டாக்டர். வீக்கத்தைக் கிளப்பும் சில புரதங்கள் சிலர் ரத்தத்தில் பிறவியிலேயே ஜாஸ்தியாம். ஏகப்பட்ட பேருடைய மரபணுவை ஒப்பிட்டு, அதற்கும் இந்தத் துடிப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார்களாம். பிள்ளைக்கும் இறங்கியிருக்கலாம், பார்த்துவிடுங்கள் என்றார். மறைத்தால் பிள்ளை உயிருக்கு ஆபத்து. சொன்னாலோ, அப்பா சாவுக்கு இவள்தான் காரணம் என்று அவனும் இவளை விட்டுப் போய்விடுவான். அப்புறம் விதவையாக வெளியே போகாமல் இத்தா இருக்கும் நாலு மாசம் பத்து நாளும், அதற்கு அப்புறமும், இந்த வீட்டில் யார்?

நோட்டில் எழுதியது, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "எண்ணுனது சரிதான் முபின். எழுதுனதுதான் பொய்."

முபின் அவளைப் பார்க்கவில்லை.

"எனக்கும் இந்தத் துடிப்பு இருக்கும்மா. ரெண்டு வருஷமா பெங்களூர்ல மாத்திரை சாப்பிடறேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்பாவையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நீங்க பயந்துடுவீங்கன்னு நான்தான் சொல்லல."

வாசலில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் அவன் தொப்பியை நேராக்கிவிட்டாள்.

"போ. காத்துட்டு இருக்காங்க."

பெண்கள் அடக்கத்துக்குக் கப்ருஸ்தான் வரை போகிற வழக்கமில்லை. ஜன்னலில் நின்றாள். சந்தூக்கின் முன்பக்கத்தை முபின் இடது தோளில் ஏற்றிக்கொண்டான். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவர் போய்க்கொண்டிருந்தார். அவள் கண் அங்கே போகவில்லை. யாராவது வந்து பிள்ளையின் தோளிலிருந்து அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று செங்கம் ரோட்டுத் திருப்பம் வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.